ஏழு புலங்கள், ஒரு ரீட்

ஹோம் டைரக்டரிகளைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் எதைப் பிரித்தாலும் என் கண் முதலில் தேடுவது, எட்சி பாஸ்வேர்டை அது எப்படிப் படிக்கிறது என்பதைத்தான். ஐஎஃப்எஸ்ஸில் முக்காற்புள்ளி, மைனஸ் ஆர் போட்ட ரீட், சுற்றி ஒரு வைல் லூப். இது இருந்தால் மீதியை நிதானமாகப் படிப்பேன்.

அந்த ஒரு வரியில் எத்தனை நுட்பம்! ஐஎஃப்எஸ் மாற்றம் ரீடோடு முடிந்துவிடுகிறது. லூப்புக்குள் வரும் மற்ற கட்டளைகளைத் தொடுவதில்லை. முக்காற்புள்ளி வெற்றிடக் குறி அல்ல என்பதால், நடுவில் ஒரு புலம் காலியாக இருந்தாலும் அடுத்தது முன்னால் நகராது. ஆறாவதான ஹோம் பாதை ஆறாவதாகவே வந்து உட்காரும். ஏழு புலங்களுக்கு ஏழு பெயர்கள் வைத்துவிட்டால் கமென்ட் எழுதவே தேவையில்லை.

ஆக் மொழிப் பிரியர்கள் டாலர் ஆறு என்று சுருக்கமாக முடிப்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டைரக்டரி இருக்கிறதா, அதற்கு உரியவர் அந்தக் கணக்குக்காரரேதானா என்று கேட்க எப்படியும் ஷெல்லுக்குத் திரும்பியாக வேண்டும். அப்படிக் கைமாறும் இடத்தில்தான் ஸ்பேஸ் உள்ள பாதைகள் உடைகின்றன. அதேபோல், எல்எஸ் தரும் அனுமதி வரிசையில் ஆறாவது எழுத்தை வெட்டிப் பார்ப்பதைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். அதற்குப் பதிலாகச் சொல்லப்படும் ஸ்டாட் கட்டளைக்கு குனூவில் மைனஸ் சி, பிஎஸ்டியில் மைனஸ் எஃப். அந்த ஆறாவது எழுத்தோ எங்கே போனாலும் குரூப்பின் எழுதும் அனுமதிதான்.

என் முதல் வேலையில் ஒரு மூத்த அட்மின் எழுதியிருந்த ஸ்கிரிப்டை இன்னும் மறக்க முடியவில்லை. ஹோம்கள் எல்லாம் என்எஃப்எஸ்ஸில், ரூட் ஸ்குவாஷோடு. 700 போட்ட டைரக்டரிக்குள் ரூட்டாலும் எட்டிப் பார்க்க முடியாது. அங்கே கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும் டாட் ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்பு உண்டா என்று டெஸ்ட் கட்டளையில் மைனஸ் எஃப் போட்டுக் கேட்டால், கோப்பே இல்லாதபோது வரும் அதே பதில்தான் வரும். அவர் நுழைய முடிகிறதா என்பதை முதலில் சோதித்து, முடியாவிட்டால் ‘பார்க்க முடியவில்லை’ என்று தனியாக அச்சிட்டார். 1988இல் மோரிஸ் வோர்ம் அந்தக் கோப்பு தந்த நம்பிக்கையையும் பிடித்துக்கொண்டு மெஷின் விட்டு மெஷின் தாவியது. அதைத் தேடும் சோதனை, பார்க்காமலே ‘இல்லை’ என்று சொல்லலாமா?

டான் ஃபார்மரின் காப்ஸ் என்ற பாதுகாப்புச் சோதனைக் கருவி 1990 வாக்கில் வந்தபோதே ஒழுக்கம் தெளிவாக இருந்தது: குறையைச் சொல்லும், தானாகத் திருத்தாது. இப்போது வரும் ஸ்கேனர்கள் டெபியனில் நோபடி கணக்கின் ஹோம் இல்லை என்று சிவப்புக் காட்டுகின்றன. அந்தப் பாதையின் பெயரே நான்எக்ஸிஸ்டென்ட். இல்லாமல் இருப்பதுதான் அதன் வேலை. அறிக்கையைப் பச்சையாக்க அதையும் எம்கேடிஐஆர் போட்டு உருவாக்குகிறார்கள். இன்னும் சிலர் சிமாடில் 750ஐ, பெரிய எழுத்து மைனஸ் ஆரோடு ஹோம் முழுக்க இறக்கி, கடிதங்களைக்கூட எக்ஸிக்யூட்டபிள் ஆக்கிவிடுகிறார்கள்.

நல்ல சோதனை ஸ்கிரிப்டுக்குப் பதில்கள் மூன்று: சரி, சரியில்லை, தெரியவில்லை. மூன்றாவதைச் சொல்லத் தெரியாத கருவி எத்தனை பக்கம் அறிக்கை கொடுத்தாலும் அதை நம்பி ஒரு சிமாட்கூடப் போடமாட்டேன்.