தலைக்கோலப் பெயர்களும் உரைச்சான்றும்

பண்டைத் தமிழ் மகளிர் கூந்தலில் அணிந்த அணிகலன்களைப் பற்றி எழுதுவோர், உரையாசிரியர் கூறும் பெயர்களையே மூலநூற் காலத்து அணிகளின் பெயர்களாகவும் கொண்டுசெல்லுதல் வழக்கமாயுள்ளது. அவ்வழக்கு எத்துணை வலியுடையது என்பதைச் சிலப்பதிகாரக் கடலாடு காதையைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஊடியிருந்த கோவலன் உவக்குமாறு மாதவி தன்னை ஒப்பனை செய்துகொண்ட இடத்து, தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் எனத் தலையணிகள் நான்கு கூறப்படுகின்றன. இவற்றிற்கு அடியார்க்குநல்லார் முறையே சீதேவியார், வலம்புரிச்சங்கு, பூரப்பாளை, தென்பல்லி வடபல்லி எனப் பொருளுரைத்தார். அவ்வுரையோடு காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1892-இல் வெளியிட்டபின் இப்பெயர்கள் கற்றோர் கைக்கு எட்டின.

இந்நான்கும் ஒரு நிலையின அல்ல. முதலிரண்டிற்கும் உரைக்கு அப்பாலும் சான்று உண்டு. திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிரின் அணிகளுள் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. பெயர்களும் தம் வடிவை ஒருவாறு தாமே உணர்த்துகின்றன. ஆண்டு நச்சினார்க்கினியரும் தெய்வவுத்தியைச் சீதேவி என்றே கொண்டார். எனினும், பிற்பட்டவராகிய அவர் முன்னையோர் உரையைத் தழுவியிருத்தலும் கூடுமாதலின், உரைகள் இரண்டு உடன்படுதலைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுதல் பொருந்தாது.

தொய்யகம், புல்லகம் என்பனவோ தம் வடிவைக் காட்டாத சொற்கள். காப்பியத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட உரையாசிரியர், தம் காலத்தார்க்கு விளங்குதற்பொருட்டு அக்காலத்து வழங்கிய அணிகளைக் காட்டினார் எனக் கொள்ளுதலே நேரிது. தென், வட என்னும் அடைகள் தலையின் இருமருங்கும் இணையாக அணியப்பெற்றமையைக் குறிக்கின்றன போலும். கிழக்கு நோக்கி நிற்பார்க்கு வலப்பக்கம் தெற்கும் இடப்பக்கம் வடக்குமாதல் காண்க. ஆனால், புல்லகம் என்னும் சொல்லில் இவ்விணைமைக்குக் குறிப்பில்லை. எனவே, இணையணி என்பது உரைக்காலத்துச் செய்தியேயன்றி, இளங்கோவடிகள் காலத்தது எனத் துணிதற்கு மூலம் இடந்தரவில்லை.

பரதநாட்டியம் ஆடுவோர் வகிட்டின் இருபுறமும் இன்று அணியும் சூரியன், சந்திரன் என்பவற்றை மாதவியின் புல்லகத்தோடு ஒன்றெனக் கூறிவிடுதல் எளிது. தென்பல்லி வடபல்லியோடு அவற்றை ஒப்பிடலாம். அதற்கு அப்பாற் செல்லப் பற்றுக்கோடு இல்லை. அணிகலன்களைக் கழஞ்சும் மஞ்சாடியுமாக நிறுத்துரைக்கும் தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுகளும், சோழர்காலச் செப்புத் திருமேனிகளும் உரைச்சொற்களை விளக்கத் துணைபுரியலாம்; காப்பியச் சொற்களின் வடிவை அவைகொண்டு வரையறுத்தல் இயலாது.

இவ்வேறுபாடு சிறிதன்று. இருகாலப் பெயர்களையும் ஒன்றாக்கினால், இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் முழுதும் மறைந்துபோம். வரலாறு எழுதப் புகுந்தவர் வரலாற்றையே அழித்தவராவர். உரையாசிரியரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. அவர் பெயர்களைக் குறித்துவையாராயின், இடைக்காலத் தலைக்கோலத்தை அறியும் வாயிலொன்று நமக்கு அடைபட்டிருக்கும். மூலச்சொல்லை மூலத்தின் காலத்திலும், உரைச்சொல்லை உரையின் காலத்திலும் வைத்துப் போற்றுதலே அவ்விருவர்க்கும் நாம் செலுத்தும் நன்றியாகும்.