தாம்பரத்தில் ஒரு தாம்பாளம்

சாப்பாட்டைப் பற்றி எழுதுவது நாவலாசிரியனின் வேலை அல்ல என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. மனிதர்களைப் பற்றி எழுதுகிறவன், அவர்கள் யாரோடு உட்கார்ந்து எந்த வரிசையில் சாப்பிடுகிறார்கள் என்பதைக் கவனிக்காமல் வேறு எதைக் கவனிப்பது?

குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரையிலும், அப்படியே கிழக்கே திரும்பிச் சேலையூர், மேடவாக்கம் வரையிலும் போய்ப் பாருங்கள். இட்லிக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் ‘கிரில்’ என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும். அங்கே நாலு பேராகப் போனால் ‘பிளாட்டர்’ என்று ஒன்றைச் சொல்லலாம். மரப்பலகையில் பொருத்திய இரும்புத் தாம்பாளம் ஒன்று, புகையும் இரைச்சலுமாக வந்து மேஜை நடுவில் இறங்கும். தந்தூரிக் கோழி, சீக் கபாப், மீன், பனீர் எல்லாம் அதன்மேல் குவிந்திருக்கும். கூடத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்தத் தட்டுக்கு இரண்டு பூர்வீகங்கள். 1947-இல் நாடு பிரிந்தபோது பெஷாவரிலிருந்து டில்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய ‘மோத்தி மஹால்’ தந்தூரிக் கோழியை நாடறியச் செய்தது. சீறும் இரும்புத் தட்டு 1960களில் பம்பாயில் பெயர் பெற்றது. இரண்டும் கலந்து இப்போது தாம்பரத்தில் குடியேறியிருக்கின்றன.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீறல் சமையல் அல்ல. இறைச்சியின் மேல் பக்கம் பொன்னிறமாக முறுகுவதற்கு, தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியைவிட நன்றாக அதிகமான சூடு வேண்டும். அந்தக் காரியத்தைத் தந்தூரி அடுப்பு உள்ளேயே முடித்துவிடுகிறது. பிறகு இரும்புத் தட்டைத் தனியாகக் காய்ச்சி, அடி பிடிக்காமல் இருக்க முட்டைக்கோஸ் இலையைப் பரப்பி, வெந்த துண்டுகளை அடுக்கி, மேஜைக்குப் புறப்படும் தறுவாயில் வெண்ணெயையோ ஸாஸையோ ஊற்றுகிறார்கள். ஸாஸில் உள்ள தண்ணீர் ஆவியாகப் பறக்கும் ஓசையைத்தான் நாம் சமையலின் ஓசை என்று நினைத்து மகிழ்கிறோம். அந்த ஆவி, அடுப்பு பாடுபட்டு உண்டாக்கிய முறுகலை நனைத்துக் கெடுத்துவிடுகிறது. ஐந்து நிமிஷத்தில் சத்தம் அடங்கிவிடும். பாட்டு முடிந்த பிறகும் மேடையை விட்டு இறங்காத பாகவதரைப் போல், கருகிய வெங்காயம் மட்டும் தட்டில் உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்குக் கோழிக்கும் மீனுக்கும் பனீருக்கும் ஒரே சிவப்பு, ஒரே புளிப்பு. ருசி ஒன்றே குறி என்றால், அதே கோழியைத் தந்தூரியிலிருந்து நேராக உலர்ந்த தட்டில் கொண்டுவரச் சொல்லிச் சாப்பிடுங்கள். இரண்டு மடங்கு நன்றாக இருக்கும்.

ஆனால் நான் இந்தத் தட்டுக்குக் கட்சி பேசத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள், மகன், மருமகள், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன். தட்டு வந்ததும் அந்த அம்மாள் வழக்கம்போல், “நீங்கள்லாம் சாப்பிடுங்க, நான் அப்புறம்...” என்று ஆரம்பித்தாள். “அத்தை, ஆறினா ரப்பர் மாதிரி ஆயிடும். இப்பவே எடுத்துக்குங்க” என்றாள் மருமகள். பரிமாறுகிற பையனும், “ஆமாம்மா, சூட்டோட சாப்பிடுங்க” என்றான். அந்த அம்மாள் ஒரு கணம் தயங்கிவிட்டு, தட்டின் ஓரத்திலிருந்து அல்ல, நடுவிலிருந்தே ஒரு நல்ல துண்டை எடுத்துக்கொண்டாள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் சமைத்தவள் கடைசியில், மிஞ்சியதை, ஆறிய பிறகு சாப்பிடுவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். எத்தனையோ மேடைப் பேச்சுகளுக்கும் நாவல்களுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. ஆறிப் போகும் என்ற பயம் ஒரு நொடியில் அதை அசைத்துவிட்டது. சூட்டுக்கு முன்னவர் பின்னவர் தெரியாது. சமையல் என்ற முறையில் நான் குறை சொன்ன அதே சீறல், எல்லோரையும் ஒரே சமயத்தில் சாப்பிட அழைக்கும் மணியோசையாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நம்முடைய பந்தி, இலைக்கு இலை இடைவெளி விட்டது. ‘எச்சில்’ என்ற ஒரு சொல்லில் நாம் அடக்கி வைத்த அச்சங்கள் கொஞ்சமல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே சாப்பாடு போட்டதால் எழுந்த பிணக்கு, 1925 வாக்கில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. இன்று அலுவலகம் விட்டு மின்சார ரயிலில் வந்து இறங்கும் நாலு இளைஞர்கள், யார் என்ன ஜாதி என்று கேட்காமல் ஒரே தட்டில் கை வைக்கிறார்கள். கடைசித் துண்டு வந்ததும் எல்லோரும் கையை இழுத்துக்கொண்டு, “நீ எடுத்துக்கோடா” என்று ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இலைச் சாப்பாடு இந்த மரியாதையைக் கற்றுக் கொடுப்பதில்லை. பங்கு முன்பே பிரிந்துவிடுகிறதல்லவா? சில இடங்களில் பரிமாறுகிறவரே இடுக்கியால் துண்டுகளைப் பிரித்துத் தனித் தட்டுகளில் வைத்துவிடுகிறார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பங்கு போடுகிற பொறுப்பு சாப்பிடுகிறவர்களுக்கே இருக்கட்டும்.

இதையெல்லாம் சமத்துவம் என்று கூவ எனக்குத் துணிவில்லை. காசு கொடுக்க முடிந்தவர்களின் சமத்துவம் இது. பில் வந்ததும் முடிந்துவிடுகிறது. அந்தப் பரிமாறுகிற பையனுக்கு அந்தத் தாம்பாளத்தில் பங்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதலில் சாப்பிட்ட மாமியாரும் மருமகளும் திங்கட்கிழமை வீட்டில் எப்போது சாப்பிடுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. அன்றைக்கும் தோசை சூடாகத்தான் இருக்கும். கல்லின் முன்னால் நிற்கிறவர் யார், தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு, கருகிய வெங்காயத்துக்குக் கொடுத்த காசு வீண் இல்லை.