ஷான்லியின் பில்

நியூயார்க்கின் ஷான்லி ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள் பாட்டுக்கென்று தனியாகக் காசு கொடுக்கவில்லை. மேடையில் பாடப்பட்டது விக்டர் ஹெர்பர்ட்டின் பாட்டு. அவர் வழக்குப் போட்டார். சாப்பாட்டு பில்லிலேயே சங்கீதமும் அடக்கம் என்று 1917இல் தீர்ப்பெழுதினார் நீதிபதி ஹோம்ஸ். பாங்கில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தத் தர்க்கம் பிடித்திருக்கிறது. சிருஷ்டிக்கு விலையில்லை என்கிற பம்மாத்து இதில் இல்லை.

ஆனால் 1998இல் வந்த அமெரிக்கச் சட்டத்தை என்ன சொல்ல? 3,750 சதுர அடிக்குக் குறைந்த ஹோட்டல், நுழைவுக்காசு வாங்காமல் ரேடியோ வைத்தால் கட்டணமில்லை. (ரேடியோ நிலையம்தான் ஏற்கனவே கட்டிவிட்டதே என்பார்கள். சரி.) அதே மூலையில் ஒருவன் கிடாரோடு உட்கார்ந்து, உரிமை தீராத பாட்டொன்றைப் பாடினால் லைசென்ஸ் வேண்டும். சின்ன ஹோட்டல்காரன் யோசிக்க மாட்டான். அவனை அனுப்பிவிட்டு ரேடியோவைத் திருகுவான். பாட்டெழுதியவனுக்கும் அந்த ஹோட்டலிலிருந்து சல்லிக்காசு போகாது.