வெளியே பெருமை, உள்ளே பட்டியல்

2024இல் ஹான் காங்குக்கு நோபல் கிடைத்ததும் நம்ம பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. கொரியாக்காரங்க மாதிரி நம்ம அரசும் மொழிபெயர்ப்புக்குப் பணம் போடணும்னு. நியாயமான ஆசைதான். ஆனா அந்தக் கதையை முழுசாப் பார்க்கணும்.

தென்கொரியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது கொரிய இலக்கிய மொழிபெயர்ப்பு நிறுவனம். 1996இல் ஒரு நிதியமாகத் தொடங்கி 2001இல் இந்த வடிவத்துக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு உதவித்தொகை, அயல்நாட்டுப் பதிப்பாளருக்கு மானியம், புதியவர்களுக்குப் பயிற்சி என்று பொறுமையாகச் செய்த வேலை. ஹான் காங் பல மொழிகளுக்குப் போனதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. 2016 மே மாதம் ‘தி வெஜிடேரியன்’ மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்றது.

அதே ஆண்டின் இறுதியில் இன்னொரு சங்கதி வெளியே வந்தது. அதிபர் பார்க் கியூன்-ஹே அரசு, தனக்கு ஆகாத கலைஞர்கள் என்று 9,000 பேருக்கு மேல் கறுப்புப் பட்டியல் போட்டு வைத்திருந்தது. அதில் ஹான் காங்கும் இருந்தார். 1980இல் குவாங்ஜூவில் ராணுவம் சொந்த மக்களைச் சுட்டுக்கொன்றதைப் பேசும் ‘ஹியூமன் ஆக்ட்ஸ்’ நாவலே காரணமாகச் சொல்லப்பட்டது. அரசு வாங்கி நூலகங்களுக்கு அனுப்பும் திட்டத்திலும் அந்த நாவல் கழிக்கப்பட்டது.

அந்த நாவலிலேயே ஒரு அத்தியாயம் உண்டு. தணிக்கை அலுவலகம் ஒரு நாடகப் பிரதியைக் கறுப்படித்துத் திருப்பி அனுப்புகிறது. மேடையில் நடிகர்கள் அந்த வரிகளுக்குச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். முப்பது வருஷம் கழித்து அரசு அதே அத்தியாயத்தை இன்னொரு முறை நடித்துக் காட்டியது.

இதை வெறும் இரட்டை வேடம்னு சொல்லிட்டுப் போக முடியலை. அரசுக்குத் தேவைப்பட்டது ‘கொரிய இலக்கியம்’ என்கிற பெயர்ப்பலகை. இலக்கியமோ வரும்போது பிணங்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. இன்று உலக வாசகர் கொரியாவை மதிப்பதற்கு, அரசு மறைக்க நினைத்த அந்தப் புத்தகமும் ஒரு காரணம். நாட்டின் முகத்தை அழகாக்கித் தரும் எழுத்தாளருக்கு அந்த மதிப்பு கிடைத்திருக்காது.

சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023இல் தொடங்கியதிலிருந்து தமிழ்நாடு அரசும் மொழிபெயர்ப்பு மானியம் தருகிறது. நல்ல தொடக்கம். பணம் இன்னும் வேணும்னு கேட்போம். கூடவே, நம்மைச் சங்கடப்படுத்தும் நாவலுக்கும் அந்த மானியம் போகுமா, அதே நாவல் நம்ம ஊர் நூலக அலமாரியிலும் இருக்குமா என்றும் கேட்போம். ரெண்டாவது கேள்விதான் முக்கியம். வெளிநாட்டு வாசகருக்குக் கொடுக்கத் தயங்காத புத்தகத்தை உள்ளூர் வாசகரிடமிருந்து ஒளிக்கும் அரசு, இலக்கியத்துக்குச் செலவழிக்கவில்லை, விளம்பரத்துக்குத்தான் செலவழிக்கிறது.