காட்டு வேலையும் கதாசிரியனும்

எங்கள் கரிசல் சீமையில் ஒருவர் 'காட்டுக்குப் போயிருக்கிறார்' என்று சொன்னால், புலி உலவும் இடத்துக்குப் போய்விட்டார் என்று அர்த்தமல்ல. பருத்திக்குக் களை எடுக்கவோ கம்பங்கதிர் அறுக்கவோ போயிருக்கிறார் என்றுதான் அர்த்தம். கோவில்பட்டியைச் சுற்றி எந்தத் திசையில் நடந்தாலும் மானாவாரிப் புஞ்சைக்குக் காடு என்றே பெயர். நிஜமான காட்டை முன்னோர்கள் வெட்டித் தீர்த்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

சமீபத்தில் க.நா.சு. தமிழில் தந்த 'நிலவள'த்தை மறுபடி படித்தபோது இந்த வார்த்தை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நட் ஹாம்சன் இந்த நாவலை 1917இல் வெளியிட்டார். 1920இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கதை எளிமையானது. வட நார்வேயின் ஆளற்ற காட்டுக்குள் ஐசக் என்கிற மனிதன் முதுகில் ஒரு மூட்டையோடு நடந்து வருகிறான். தண்ணீர் இருக்கிறதா, ஆட்டுக்குப் புல் இருக்கிறதா என்று பார்க்கிறான். பூர்ச்ச மரத்துப் பட்டையை உரித்துச் சுமந்துபோய்க் கிராமத்தில் விற்று, சாப்பாட்டுச் சாமானும் ஆயுதங்களும் வாங்கி வருகிறான். குடிசை எழும்புகிறது, பெண் ஒருத்தி வருகிறாள், குழந்தைகள் பிறக்கிறார்கள், காடு பண்ணையாகிறது.

வேலையைப் பற்றி இவ்வளவு நிதானமாக எழுதப்பட்ட நாவல்கள் குறைவு. ஐசக் ஒரு பாறையைப் பெயர்க்கிறான் என்றால் நமக்கும் முதுகு வலிக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த முறை படிக்கும்போது வேறொன்று உறுத்தியது. அந்த மலையில் தாமிரச் சுரங்கம் வருகிறது. கூலிக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். சுரங்கம் மூடியதும் போய்விடுகிறார்கள். ஹாம்சனுக்கு அவர்கள் மேல் அக்கறையில்லை. நிலத்தில் தங்கியவன் மனிதன். கூலிக்கு வந்து போகிறவன் வெறும் கும்பல். நாவலின் தர்மம் இதுதான்.

நம்முடைய கி. ராஜநாராயணன் 1976இல் எழுதிய 'கோபல்ல கிராம'த்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர் அவர். ஆந்திரத்திலிருந்து மானத்துக்கு அஞ்சித் தெற்கே ஓடிவந்த ஜனங்கள், காட்டுக்குத் தீ வைத்து அழித்து மண்ணைத் திருத்தி ஊராக்குகிறார்கள். மங்கத்தாயாரு அம்மாள் என்கிற முதுகிழவி அந்தக் கதையைச் சொல்லக் கேட்கிறோம். ஹாம்சனிடம் தனி மனிதன், கி.ரா.விடம் ஒரு ஜனக்கூட்டம். ஹாம்சனிடம் மௌனம், கி.ரா.விடம் ஓயாத பேச்சு. ஆனாலும் இரண்டும் ஒரே ஜாதிக் கதைதான். காட்டை அழித்தவன் அங்கேயே இருந்து, நிலத்துக்குச் சொந்தக்காரனாகி, பேரன் பேத்திகளுக்குச் சொல்ல ஒரு கதையையும் சேர்த்துக்கொள்கிறான்.

சொந்தமாகாமல் போனவனின் கதையை யார் சொல்வது? கரிசலின் வருஷத்தைத் தெரிந்தவர்களுக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பு. தை, மாசியில் தானியம் வீடு வரும்; அதை ஒட்டிப் பருத்தி எடுப்பும் முடியும். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கைகளுக்கு வேலை இராது. நிலமில்லாதவன் அந்த மாதங்களில் வெளியே கிளம்பத்தான் வேண்டும். கிளம்புகிறவன் மனசில் ஒரே ஒரு எண்ணம்தான்: மழைக்கு முன்னால் நாலு காசோடு திரும்பிவிட வேண்டும். பருவ வேலையின் உயிரே இந்தத் திரும்புதலில்தான் இருக்கிறது.

ஹாம்சனே 1906இல் 'இலையுதிர்கால நட்சத்திரத்தின் கீழே' என்று ஒரு சிறு நாவல் எழுதியிருக்கிறார். அதில் கதை சொல்கிறவன் ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு மரம் வெட்டுகிறான்; மரம் அறுப்பதற்குப் புதுமாதிரி ரம்பம் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கிறான். ஹாம்சனும் இளமையில் அமெரிக்காவில் கூலி வேலை பார்த்தவர்தான். அதனால் விவரங்கள் பொய்யில்லை. ஆனால் அந்த மரவெட்டி உண்மையில் பட்டணத்துக் கனவான். நகரம் சலித்துப்போய் நாட்டுப்புறத்துக்கு வந்தவன். காடு சலித்தால் நகரத்துக்குத் திரும்பலாம். அவன் காலில் கட்டு இல்லை. அழகான புத்தகம்தான், ஆனால் நான் தேடுகிற ஆள் அதில் இல்லை.

அந்த ஆளை ஓரளவு பார்த்தது 'எரியும் பனிக்காடு' என்ற நாவலில். தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ'யை இரா. முருகவேள் தமிழாக்கி 2007இல் கொண்டுவந்தார். இதைத் தழுவித்தான் பாலா 2013இல் 'பரதேசி' படத்தை எடுத்தார். கதை கயத்தாறு பக்கத்து மயிலோடையில், 1925ஆம் வருஷக் கடைசியில் தொடங்குகிறது. வேலை தேடி அலையும் கருப்பனை ஒரு மேஸ்திரி பிடிக்கிறான், முன்பணம் கொடுக்கிறான், கருப்பனும் வள்ளியும் ஆனைமலைக்கு ஏறுகிறார்கள். மழைக்காட்டை வெட்டிச் சாய்த்த இடத்தில் தேயிலை; வெயிலில் வளர்ந்த உடம்புக்குப் பழக்கமில்லாத குளிர்; அட்டைக்கடி; மலேரியா.

அவர்கள் குடியேறப் போனவர்கள் அல்ல. கொஞ்ச காலம் உழைத்துவிட்டு, கடனைத் தீர்த்துவிட்டு, ஊருக்கு வந்துவிடலாம் என்று போனவர்கள். கணக்கு முடிக்கும் நாளில் கம்பளிக்கும் அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழித்த பிறகு, பாக்கி அவர்கள் தலையிலேயே நிற்கிறது. காட்டை விடக் கணக்கு நோட்டுத்தான் பயங்கரமானது என்பதை டேனியல் கண்டுகொண்டிருக்கிறார். இந்த நாவலின் பெரிய பலம் அதுதான்.

குறையும் உண்டு. டாக்டர் ஆபிரகாம் வந்த பிறகு நாவல் அவருடைய நல்லெண்ணத்தின் பின்னால் போக ஆரம்பிக்கிறது. உழைப்பாளி நோயாளியாகிவிடுகிறான். நாம் அவனுக்காக இரங்குகிறோம். அவன் கைக்குத் தெரிந்ததை நாம் தெரிந்துகொள்வதில்லை. இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் அது வாசகனைச் சீக்கிரம் திருப்திப்படுத்திவிடுகிறது.

டாக்டரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்பது வேறு விஷயம். பல வருஷங்களுக்கு முன் நான் ஒரு கரிமூட்டக்காரனைப் பற்றிக் கதை எழுதினேன். கோடையில் வெளியூர் போகாமலே கிடைக்கிற காட்டு வேலை எங்கள் பக்கத்தில் இது ஒன்றுதான். சீமைக் கருவேல் கரிசலெங்கும் மண்டிக் கிடக்கிறது. முன்னோர்கள் அழித்த காடு முள்ளாகத் திரும்பி வந்த மாதிரி. அதை வெட்டி, தூரைத் தோண்டி எடுத்து, கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, மேலே தழையும் ஈரமண்ணும் போட்டு மூடி உள்ளே தீ வைப்பார்கள். கட்டை எரியக்கூடாது, வேக வேண்டும். முதலில் வெள்ளையாகக் குப்பென்று வருகிற புகை, நாளாக ஆக மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி விளைந்துவிட்டது என்று கணக்கு. மூட்டத்தின் அளவைப் பொறுத்துப் பல நாட்கள் ஆகும்.

என் கதையில் அவன் தீ மூட்டிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்தபடி, ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்துத் தூங்கிப்போகிறான். பத்திரிகையில் வந்தது; சிலர் பாராட்டிக் கடிதம்கூட எழுதினார்கள். விளாத்திகுளம் பக்கத்தில் மூட்டம் போடுகிற ஒரு பெரியவருக்கு அவர் பேரன் அதை வாசித்துக் காட்டியிருக்கிறான். ஒருநாள் சந்தையில் என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மூட்டத்துக்குத் தீ வச்சிட்டு எவனாச்சும் தூங்குவானா? காத்துத் திரும்புனா மண்ணு வெடிக்கும். ஓட்டை விழுந்த எடத்தை ஒடனே அடைக்கணும். இல்லேன்னா விடியறதுக்குள்ள அம்புட்டும் சாம்பலு. அவனைப் போயித் தூங்க வச்சிட்டீகளே!"

"தெரியாமல் எழுதிவிட்டேன், அண்ணாச்சி" என்றேன்.

"தெரியாட்டா என்ன, கேட்டா சொல்ல மாட்டமா?" என்றார்.

அந்தக் கதையை நான் எந்தத் தொகுதியிலும் சேர்க்கவில்லை. தகவல் பிழை என்றால் திருத்தியிருப்பேன். எனக்கு நட்சத்திரம் தேவைப்பட்டது. அதற்காக ஒரு மனிதனின் பல நாள் உழைப்பைச் சாம்பலாக்கியிருக்கிறேன். அவன் தூங்காமல் கிடந்த ராத்திரியில்தான் கதை இருந்தது. இருட்டில் எங்கே மண் வெடிக்கிறது என்று பார்க்கிற கண், புகையின் வாசனையிலேயே பதம் சொல்கிற மூக்கு, இந்த மூட்டம் தப்பினால் யார் கடனை முதலில் கொடுப்பது என்று கணக்குப் போடுகிற மனசு, எல்லாம் அங்கே இருந்தன. நான் அவனைத் தூங்க வைத்து அத்தனையையும் தப்பவிட்டேன்.

எனவே வாசகர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காட்டில் உழைக்கிறவனைப் பற்றி ஒரு கதையைப் படிக்கும்போது, காடு எவ்வளவு அழகு என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவன் துன்பத்துக்கு உங்கள் கண் கலங்கியதா என்பதும் போதாது. அந்த வேலையைச் செய்தவன் படித்தால் ஒப்புக்கொள்வானா என்று கேளுங்கள். அவன் எப்போது ஊர் திரும்புவான், என்ன மிச்சத்தோடு திரும்புவான் என்பது கதையில் இருக்கிறதா என்று தேடுங்கள். 'நிலவள'மும் 'கோபல்ல கிராம'மும் தங்கியவனின் காவியங்கள். 'எரியும் பனிக்காடு' திரும்ப முடியாமல் போனவனின் கதை. வருஷா வருஷம் போய், வருஷா வருஷம் திரும்புகிறவனின் நாவல் தமிழுக்கு வேண்டும்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருக்கு என் கதையை வாசித்துக் காட்டிய பேரன் கோடையில் மூட்டம் போடுகிறான். மற்ற நாட்களில் கோவில்பட்டி நூலகத்தில் அவனைப் பார்க்கலாம். எழுதுகிறாயா என்று கேட்டேன். "யோசிச்சிக்கிட்டிருக்கேன், சார்" என்றான். அவன் எழுதினால் அந்தக் கரிமூட்டக்காரன் தூங்கமாட்டான் என்பது எனக்கு நிச்சயம்.