பராக்கும் ஈரறமும்

சென்னையினின்று திண்டிவனம் வழியே விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்திற்கு வழி பிரியும் இடம் கூட்டேரிப்பட்டு. ஆங்கு யாம் ஒருகால் பேருந்திற்குக் காத்து நின்றபோது, சாலையைக் கடக்க முற்பட்ட தாய் ஒருத்தி தன் மகனை நோக்கி, “பராக்குப் பார்க்காமல் வாடா” என்றாள். அச்சொல்லே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பராக்கு என்பது கவனமின்மை. ஆயின், அரசவையில் கட்டியங் கூறுவோன் ‘பராக்கு’ எனக் கூவியது அவையோர் கவனித்தற்பொருட்டே. ஒரு சொல் முரணான இருபொருள் தாங்கி நிற்றல் சொல்லாராய்ச்சியாளர்க்கு நல்விருந்து. அதனை அவர்க்கே விடுவாம். கத்தோலிக்கத் தமிழ் மக்கள் செபத்தின்போது நெஞ்சு சிதறுதலையும் பராக்கு என்றே வழங்குவர். தெருவின் கூச்சல் மட்டுமன்று. நாளைய கூலி, பிள்ளையின் காய்ச்சல், அடுப்பில் வைத்த பால் ஆகிய யாவும் பராக்கே. இவற்றினூடே இறைவனை அணுகி நிற்றல் எங்ஙனம்? கிறித்தவக் காப்பியங்கள் இவ்வினாவிற்கு அளித்த விடையை அறிஞர் போதிய அளவு நோக்கினாரல்லர். தேம்பாவணியைக் கம்பனோடும் சிந்தாமணியோடும் ஒப்பிட்டு வருணனை நலம் பாராட்டுவதோடு பெரும்பாலோர் அமைந்துவிட்டனர்.

கிருட்டிண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) தரும் விடை வெளிப்படையானது. அதன் மூலமாகிய பனியனின் ஆங்கில நூல் 1678-இல் வெளிவந்தது. அதன் தலைவன், மனைவியும் மக்களும் பின்னின்று அழைக்கவும் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். வீடே முதற் பராக்கு. வழியிற் காணும் சந்தை அடுத்த பராக்கு. பயணமே சமயவாழ்வு என்னும் இவ்வுருவகம் ஆற்றல் மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓட இயலாதவர் யாது செய்வர்? சுமையை இறக்கி வைக்க வீடு திரும்பியே ஆகவேண்டிய உழவர்க்கும், பானையை அடுப்பினின்று இறக்கவேண்டிய பெண்டிர்க்கும் இவ்வுருவகம் முழுதும் உதவுமாறில்லை.

தேம்பாவணி (1726) இவ்விடத்தில் வேறு வழி காட்டுகின்றது. முப்பத்தாறு படலமும் 3,615 பாடலும் கொண்ட அந்நூலின் தலைவன் அரசனல்லன், மரமிழைத்துண்ணும் தச்சன். தாவீதின் குலத்தான் எனினும் உழைப்பாளி. இளம்பருவத்தே வளன் துறவு வேட்டுக் கானகம் புகுகின்றான். வானவன் முதியோன் வடிவில் தோன்றி, இல்லிருந்து பிறர்க்கு உதவி வாழும் அறத்தின் மேன்மையை உணர்த்தி அவனை மீட்கின்றான். பராக்கிற்கு அஞ்சிக் காடு புகுந்தவன் பராக்கினிடையே அனுப்பப்படுகின்றான்! பின்னர் வரும் ‘ஈரறம் பொருத்து படலம்’ இக்கருத்தைத் தலைப்பிலேயே தாங்கி நிற்கின்றது. இல்லறத்தையும் துறவறத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொள்ளாது, ஒரே மனையில் ஒருங்கே பொருத்துதல் அதன் கருத்து. இரண்டனுள் ஒன்றைப் பெரிதெனக் காட்டும் வழக்குகளை நன்கறிந்த தமிழ்ப் புலவர்க்கு இது புதுமையாகத் தோன்றியிருத்தல் வேண்டும். லூக்காவின் நற்செய்தியில் மார்த்தாள் பணியால் அலைக்கழிகின்றாள். மரியாள் அடியமர்ந்து கேட்கின்றாள். வளனிடத்தோ மார்த்தாளின் கையும் மரியாளின் நெஞ்சும் ஒருங்கே உள்ளன.

இதற்கு ஆசிரியரின் சபை மரபும் ஒரு காரணமாகலாம். வீரமாமுனிவர் இயேசு சபையினர். இஞ்ஞாசியார் நிறுவி, 1540-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அச்சபை, பிற துறவியர்போலப் பல பொழுதும் ஒருங்கு கூடி மன்றாட்டுப் பாடும் கடமையைத் தன் உறுப்பினர்க்கு விதிக்கவில்லை. எல்லாப் பொருளிலும் இறைவனைக் காண்க என்பது அதன் பயிற்சி. ஊர்தொறும் அலைந்து, வைத்தியமும் வழக்கும் வாதமும் சூழ வாழ்ந்த குருவானவர்க்குத் தச்சனின் வாழ்வு அயலானதன்று.

எனினும் யாம் இங்கே ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் இயலாது. சிதறா நெஞ்சினைப் பாடவந்த காப்பியமே படிப்போர் நெஞ்சினைச் சிதறச் செய்கின்றது. நாட்டுப் படலமும் நகரப் படலமும் யூதேயாவைத் தமிழ்நாடாக்கி, மழையும் ஆறும் வயலும் மாடமும் காட்டிச் செல்லும் அழகில், தச்சனின் பட்டறையை யாம் மறந்துவிடுகின்றோம். உளியும் இழைப்புளியும் ஒலிக்க, அவ்வொலியே வேண்டுதலாகும் காட்சி இன்னும் விரிந்திருக்கலாகாதா? காப்பிய மரபு ஆசிரியர்க்கு வலிமை தந்தது. அதுவே அவர்க்குப் பராக்கும் ஆயிற்று. தண்டியலங்காரம் வகுத்த உறுப்புகளை நிரப்பும் கடமை அவரை விடவில்லை போலும்.

வியப்பு என்னெனில், வீட்டை விட்டோடிய கிருட்டிண பிள்ளையின் காப்பியமே இக்குறைக்கு மருந்து கண்டுள்ளது. கதை நடையினிடையே தேவாரம் என்னும் பெயரில் அவர் இசைப்பாக்களை அமைத்துள்ளார். அவை கதையை வளர்ப்பன அல்ல. நடந்துகொண்டிருந்த கதை சற்றே நிற்கின்றது. படிப்பவன் வாய்விட்டுப் பாடுகின்றான். மீண்டும் வழி தொடர்கின்றது. இவற்றைக் காப்பியக் கட்டுக்குப் புறம்பானவை எனக் கொள்ளுதல் எமக்கு உடன்பாடன்று. வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்று, தமிழாசிரியராக நாளும் பாடஞ்சொல்லி வாழ்ந்தவர் அவர். வேலையினிடையே சில நொடி நின்று இறைவனை அழைத்து, மீண்டும் வேலைக்குத் திரும்பும் பழக்கம் அந்நூலின் யாப்பமைதியிலேயே இறங்கியுள்ளது. கருத்தளவில் வளனின் பட்டறையே மேலானது. அக்கருத்திற்கேற்ற வடிவமோ யாத்திரிகத்தில்தான் உள்ளது. இவ்விரு நூல்களையும் தனித்தனியே படித்துவரும் நம் பாடத்திட்டங்களில் இவ்வியைபு புலப்படாமற் போயிற்று.