வாகை சூடிய தொழிலாளர்: ஜேம்ஸ் ஷார்ப்ளஸின் சங்கச் சான்றிதழ் வடிவமைப்பு

விக்டோரியா காலத்து அலங்காரச் சான்றிதழ்களை ஆராய்வோர் பெரும்பாலும் அச்சான படியையே சான்றாகக் கொள்கின்றனர். ஆயின், பெயர் எழுதுவதற்குரிய வெற்றிடம் எங்கு அமைவது, அதனைச் சூழ்ந்து யார் நிற்பது, யார் யாருக்கு வாகை சூட்டுவது என்னும் முடிவுகள் முன்வரைவு நிலையிலேயே எடுக்கப்படுகின்றன. ஆகவே சான்றிதழின் வடிவமைப்பை, மதிப்பை வழங்கும் உரிமை யாருக்குரியது என்பது பற்றிய கூற்றாகவும் வாசிக்கலாம். ஜேம்ஸ் ஷார்ப்ளஸ் (1825–1893) உருவாக்கிய சங்கச் சின்னம் இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தில் 1851இல் ஒருங்கிணைந்த பொறிவினைஞர் சங்கம் தோன்றியது. அதன் உறுப்பினர் சான்றிதழுக்கான சின்னத்தை வடிவமைத்த ஷார்ப்ளஸ், உலைக்களத்தில் உழைத்த கொல்லர். ஓவியத்தைத் தாமே பயின்றவர். அதே 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் பதக்கங்கள் காட்சிப்படுத்தியோருக்கே வழங்கப்பட்டன. பொருளைச் செய்த கைகள் பெரும்பாலும் பெயரின்றி நின்றன.

ஷார்ப்ளஸ் பரிசுச் சான்றிதழின் மரபான உருவகங்களைக் கைவிடவில்லை. அவற்றின் இடங்களையே மாற்றினார். சிறகுடைய பெண்ணுரு இரு தொழிலாளருக்கு வாகை சூட்டுகிறது. அவருள் ஒருவர் போர்க்கடவுள் மார்ஸின் முறிந்த வாளைச் செப்பனிட மறுக்கிறார்; மற்றவர் வரலாற்றுத் தேவதை கிளியோவிடமிருந்து பொறியின் வரைபடத்தைப் பெறுகிறார். ஆர்க்ரைட், கிராம்ப்டன், வாட் ஆகியோரின் உருவங்கள் இடம்பெறுகின்றன. கட்டிய குச்சிக்கற்றை ஒற்றுமையைச் சுட்டுகிறது. இங்கு வாகை அரசிடமிருந்தோ முதலாளியிடமிருந்தோ இறங்கி வருவதன்று; உறுப்பினர் தம் சங்கத்தின் பெயரால் தமக்குத் தாமே சூடிக்கொள்வது.

சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட தன்முயற்சி பற்றிய நூலில் ஷார்ப்ளஸைத் தனிமனித உழைப்பின் எடுத்துக்காட்டாக நிறுவினார். சின்னமோ குச்சிக்கற்றையின் வழியே கூட்டு வலிமையைப் பேசுகிறது. ஒரே கலைஞரைப் பற்றிய இவ்விரு சித்திரங்களுக்கிடையிலான முரண் கருதத்தக்கது. தம் ‘உலைக்களம்’ ஓவியத்தைத் தாமே உலோகத் தகட்டில் செதுக்குவதற்குப் பத்தாண்டளவு உழைத்த ஷார்ப்ளஸின் பொறுமையை ஸ்மைல்ஸின் நோக்கு விளக்கும். அவர் வரைந்த சின்னத்தின் அரசியலை அது விளக்காது.

எனினும் இவ்வடிவமைப்பின் எல்லைகளும் சுட்டப்பட வேண்டியவை. முதலாவதாக, உழைப்பின் பெருமையைச் சொல்ல ஷார்ப்ளஸ் கிரேக்க, உரோமானியத் தொன்ம உருவங்களையே நாடினார். உலைக்களத்தின் கரியும் வியர்வையும் அவரது ஓவியத்தில் பெற்ற இடத்தைச் சான்றிதழில் பெறவில்லை. இரண்டாவதாக, இதில் வாகை சூட்டும் உருவும் வரைபடத்தை வழங்கும் உருவும் பெண்களே. சான்றிதழில் பெயர் பெறும் உரிமையோ பெண்களுக்கு இல்லை. சங்கத்தின் வழிவந்த அமைப்பு 1943இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்றது. மூன்றாவதாக, வாரச் சந்தாவான ஒரு ஷில்லிங் குறைந்த கூலி பெற்றோருக்கு எட்டாத தொகை. எனவே பெயருக்கென விடப்பட்ட வெற்றிடம், பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளருக்கு மட்டுமே திறந்திருந்தது.

உறுப்பினர் இச்சான்றிதழைச் சட்டமிட்டு இல்லங்களில் மாட்டினர். வெறும் அலங்காரமாயின், அது அக்கால அச்சுப்படங்களுள் ஒன்றாக மறைந்திருக்கும். தம் பெயர் எழுதப்பட்ட வாகையாக அமைந்தமையே அதனைச் சுவருக்கு உரியதாக்கியது. சான்றிதழ் வடிவமைப்புகளைக் கலைத்திறன் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், அவற்றின் வெற்றிடம் யாரை ஏற்கிறது, யாரை விலக்குகிறது என்னும் வினாவோடு அணுகுவது அக்காலக் கலை வரலாற்றுக்குப் பயன்தரும்.